வயதா, உடல்தகுதியா? சரக்கு லாரி ஓட்டுநர் வயது வரம்பின் வரலாறு (1914–2024)

கூடங்குளத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் சரக்குப் போக்குவரத்து பல வகைப்பட்டது. காற்றாலை இறகுகளைச் சுமந்து ஊர்ந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள், குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள், அணுமின் நிலையக் கட்டுமானத்துக்குச் சிமெண்டும் கம்பியும் கொண்டுவரும் வண்டிகள் எல்லாம் இங்கே ஓடுகின்றன. 2002இல் முதல் இரண்டு உலைகளின் கட்டுமானம் தொடங்கியது. உலைக்கான மிகப் பெரிய பாகங்கள் கடல்வழியே மிதவைக் கலத்தில் வருகின்றன. ஆனால் அன்றாடச் சரக்கின் பெரும்பகுதியைச் சாலைதான் சுமக்கிறது. வண்டியின் எடைக்கும் நீளத்துக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடிப்பவரின் வயதுக்கு அது என்ன வரம்பு வைத்தது, ஏன் வைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

18 இலிருந்து 20க்கு

1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்றது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் வசதி படைத்தவரின் காருக்கும் அப்போது ஒரே வயதுதான். 1939ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்தது: சொந்த வண்டிக்கு 18, போக்குவரத்து வாகனத்துக்கு 20. அதே சட்டம் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கும் வரம்பு கட்டியது: நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. வயதும் களைப்பும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றதிலிருந்து, பிறர் உயிரைப் பணயம் வைக்கும் பிழைப்பாகவே இந்தத் தொழிலைச் சட்டம் பார்த்தது எனக் கொள்ளலாம்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் இந்த 20ஐ அப்படியே வைத்துக்கொண்டது. இலகு ரக வண்டி உரிமம் பெற்று ஓராண்டு ஆன பிறகே போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் தரலாம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆனால் பாதுகாப்புத் துறைப் பணிக்கான மத்திய அரசு வண்டிகளை 18 வயது முடிந்தவர் ஓட்ட அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு இடம் தருகிறது. பயிற்சியும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் சட்டமே இரண்டு ஆண்டுகளை விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் 20 என்பது உடலின் எல்லை அன்று. பயிற்சிக்கும் பக்குவத்துக்கும் அது ஓர் அடையாளக் குறி, அவ்வளவே.

கிளீனர் பையன்

ஏட்டில் 20 என்று இருந்தாலும் தொழிலுக்குள் நுழையும் வழி வேறாக இருந்தது. கிளீனராக ஏறுபவர் டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, காலிச் சாலையில் ஓட்டிப் பழகி, ஆளான பிறகு ஹெவி லைசென்ஸ் எடுப்பார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இந்த வாசலைக் காக்க முயன்றது. குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 18 வயதுக்குக் கீழுள்ள வளரிளம் பருவத்தினருக்கு நாளுக்கு 6 மணி நேர வேலைதான் என்றும், இரவு 10 முதல் காலை 6 வரை வேலை கூடாது என்றும் வகுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

மேல்வரம்பு எங்கே?

இந்தச் சட்டங்கள் எதிலும் இத்தனை வயதுக்கு மேல் லாரி ஓட்டக் கூடாது என்ற வரி இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. தனியார் லாரி ஓட்டுநருக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தரும் மருத்துவச் சான்றுதான் அவருக்கு உள்ள ஒரே தடுப்பு. படிவம் 1ஏ கண்பார்வை, மாலைக்கண், சிவப்பு–பச்சை நிற வேறுபாடு, செவித்திறன் முதலியவற்றைக் கேட்கிறது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தப் புதுப்பிப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை. 2019 திருத்தம் அதை ஐந்தாண்டாக நீட்டியது. அபாயகரமான சரக்குகளுக்கு ஓராண்டாக இருந்ததை மூன்றாண்டாக்கியது. வயதுக்குப் பதில் உடல்தகுதியை நம்பிய சட்டம், அந்தத் தகுதியைப் பார்க்கும் இடைவெளியையும் அதிகமாக்கிவிட்டது. வரலாற்றில் இதுவே முரண்.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் வந்தது. போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் கைத்திறன் இருந்தும் படிப்பு இல்லாத ஓட்டுநர்களின் நிலையே இதற்குத் தூண்டுதல். பள்ளிச் சான்றை விடத் திறமைதான் முக்கியம் என்று அரசு ஏற்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொரு கோடு போட்டது: 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம், போக்குவரத்து வாகனங்களுக்கான கூடுதல் தகுதிகள் அதற்கு மேற்பட்ட எடைக்கே பொருந்தும். அதிலிருந்து எடையும் ஒரு வாசல் ஆனது.

பிற நாடுகளின் வழி

அமெரிக்காவில் மாநிலத்துக்குள் 18, மாநிலம் தாண்டினால் 21. 2021ஆம் ஆண்டுச் சட்டம் 18–20 வயதினரை மேற்பார்வையோடு நெடுந்தூரம் ஓட்டவைக்கும் சோதனைத் திட்டத்தை அனுமதித்தது. பிரிட்டன் 2009இல் தொழில்முறைப் பயிற்சி பெற்றவருக்குக் கனரக வண்டி வயதை 21 இலிருந்து 18க்கு இறக்கியது. அங்கே 45 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 65க்குப் பின் ஆண்டுதோறும் மருத்துவத் தகுதி பார்க்கிறார்கள். இளைஞருக்குப் பயிற்சி, முதியவருக்குப் பரிசோதனை என்ற இரண்டையும் சேர்த்தே வயதை எளிதாக்கியிருக்கிறார்கள்.

முடிவு

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18–45 வயதினர். இது இறந்தவர்களின் வயது. வண்டி ஓட்டியவரின் வயதை இதிலிருந்து கணிக்கவும் கூடாது, வயது வரம்புக்குச் சாட்சியாக நிறுத்தவும் கூடாது.

நூற்றாண்டு வரலாறு காட்டுவது இதுதான்: கீழ்வரம்புக்கு ஒரு எண் போதும், மேல்வரம்புக்கு எண் போதாது. கனரக வண்டிக்கு 20 தொடரட்டும். 60 நிரம்பியவரின் கையிலிருந்து ஸ்டீயரிங்கை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மருத்துவர் கையெழுத்திடுவது போதாது. வயது ஏற ஏறப் பரிசோதனை இடைவெளி குறைய வேண்டும். அதன் செலவை ஓட்டுநரின் தலையில் கட்டாமல் சரக்குக்கு உரியவர் ஏற்க வேண்டும். வேலை நேர வரம்பும் குவாரி லாரி வரை போய்ச் சேர வேண்டும். இரவெல்லாம் லாரி ஓட்டிய இளைஞரை விட, நன்றாகத் தூங்கி எழுந்த அறுபது வயதுக்காரர் சாலைக்குப் பாதுகாப்பானவர்.