தர்க்கம் நடக்கும் இடம்: கூத்தில் பாத்திரங்கள் எதிர்ப்படும் முறையின் வரலாறு

கடலூரின் பழைய பகுதியான திருப்பாதிரிப்புலியூரில், முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ‘பூம்புலியூர் நாடகம்’ என்னும் ஒரு நாடகத்தைப் பேர் சொல்லிக் குறிக்கிறது. அந்த நாடகத்தின் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்த இழப்பை நினைத்து வருந்தும் ஆய்வாளர்கள், தமிழ் நாடக வரலாற்றைப் பெரும்பாலும் பனுவல்களின் வரலாறாகவே எழுதினார்கள்: யார் இயற்றினார், எப்போது அச்சானது, எத்தனை பதிப்பு வந்தது என்பதே கணக்கு. கெடிலம், பெண்ணை, வெள்ளாற்றுக் கரைகளில் திரௌபதி அம்மன் கோயில் முன்பு இன்றும் ஆடப்படும் தெருக்கூத்துக்கு இந்தக் கணக்கு போதாது. கூத்தின் முதுகெலும்பு, இரண்டு பாத்திரங்கள் எதிர்ப்பட்டு வாதிடும் கட்டம். கூத்துக்காரர்கள் அதைத் தர்க்கம் என்பார்கள். அதில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. எழுதப்படாத அந்தப் பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அதை நடத்துபவரின் கலையாகப் பார்த்தால்தான் அந்த வரலாறு புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தர்க்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் வேடக்காரர் சலங்கை ஒலிக்க ஆடிப் பாடுகிறார். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. திரை விலகியதும் கட்டியக்காரன் வந்து, வந்தவர் யார், எந்த நாடு, எதற்காக இந்தச் சபைக்கு வந்தார் என்று கேட்கிறான். பாத்திரம் பாட்டிலும் வசனத்திலும் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கட்டியக்காரனை வெறும் கோமாளி என்று எண்ணுவது தவறு. ஒரே இரவில் அவன் காவலாளி, தூதன், தோழி, ஊர்க்காரன் என மாறி மாறி நிற்கிறான். முக்கியமாக, கேள்வி கேட்கும் உரிமை அவனிடம் இருக்கிறது. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவனைத் தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று இழித்துப் பேசி ஒதுக்குகிறாள். கதைக்குத் தேவை இவ்வளவுதான். ஆனால் அவள் எத்தனை முறை மறுப்பாள், குலத்தைப் பற்றி என்னவெல்லாம் கேட்பாள், கர்ணன் எந்தக் கேள்வியில் தளர்வான், நடுவில் கட்டியக்காரன் யார் பக்கம் பேசுவான் என்பதெல்லாம் அன்றைய இரவு தீர்மானிக்கும் காரியம். கூத்துப் பாடல்களை அச்சிட்ட ‘பெரிய எழுத்து’ மலிவுப் பதிப்புகளில் பாட்டும் விருத்தமும் நிறைவாக இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள வசனமோ மேடையில் பேசப்படுவதன் சுருக்கம் மட்டுமே.

இந்தத் திறந்த கட்டத்தை நடத்துபவர் வாத்தியார். அவர் வேடம் கட்டி ஆடலாம். தாளம் பிடித்துக்கொண்டு பின்பாட்டுக்காரர்களோடு நின்றும் நடத்தலாம். வாதம் சூடு பிடித்தால் பேச விடுவார். ஒரே கருத்து சுற்றிச் சுற்றி வந்தால் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்து மத்தளத்தை எழுப்புவார்; அதற்குமேல் யாரும் பேச முடியாது. அவர் கையில் உள்ள பெரிய அளவுகோல் பொழுது. இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து விடிகிற நேரத்துக்கு முடிய வேண்டும். திருவிழாவின் பதினெட்டாம் போர் நாளில் இது இன்னும் கறாரானது. காலையில் களத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தருகே படுகளம் நடக்க வேண்டும், திரௌபதி கூந்தல் முடிக்க வேண்டும். சடங்கு காத்திருக்காது. ஆகவே தர்க்கத்தை நீட்டுவதும் குறுக்குவதும் வாத்தியாரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொறுப்பு அது.

இந்த ஏற்பாடு எப்படி உருவாகியிருக்கும்? பாரதம் ஓதுவதற்கு மானியம் விட்ட செய்தி ஏழாம் நூற்றாண்டிலேயே, பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் வருகிறது. பிற்காலத்தில், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அந்த நாடுதான் இன்றைய கடலூர், விழுப்புரம் வட்டாரம். திரௌபதி அம்மன் விழாக்களில் இன்றும் பிற்பகலில் நடக்கும் பாரதப் பிரசங்கத்துக்கு வில்லியின் விருத்தங்களே அடிப்படை. இரவில் அதே கதை கூத்தாகிறது. பகலில் பனுவல் கதையைக் காக்கிறது. அதனால் இரவு அதைக் கேள்விக்கு உட்படுத்த முடிகிறது. இந்த வேலைப் பிரிவினையே தர்க்கத்துக்கு இடம் கொடுத்தது என்பது என் கருத்து. பிரசங்கியார் சொல்லி முடித்த கதை ஊருக்குத் தெரிந்திருப்பதால், கூத்து கதை சொல்லும் கடமையிலிருந்து விடுபட்டு, பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்துவதில் பொழுதைச் செலவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கூத்துப் பாடல்கள் மலிவுப் பதிப்புகளாக அச்சேறியபோதும், அச்சு உறையவைத்தது பாடல்களைத்தான்.

எதிர்ப்படுதலில் எவ்வளவை எழுதி வைப்பது, எவ்வளவை நடத்துபவரிடம் விடுவது என்ற இதே பிரச்சினை முற்றிலும் வேறோர் உலகிலும் எழுந்தது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர்விளையாட்டில், இரு படைகள் எதிர்ப்படும்போது என்ன ஆகும் என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லின. விதிகள் பெருகிப் பெருகி ஆட்டம் நகராமல் போனதால், 1876-இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டபோது அந்த நடுவர் கதை நடத்துபவராகவும் ஆகிவிட்டார். வழியில் ஒரு பூதம் எதிர்ப்பட்டால் உடனே சண்டை என்று அந்த விதிகள் சொல்லவில்லை. இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையை அறியச் சொல்லின. அது விரோதமாகவும் இருக்கலாம், பேச்சுக்கு இசையவும் செய்யலாம். மீதியை நடத்துபவர் அந்த நொடியில் உண்டாக்க வேண்டும். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததாக நான் சொல்லவில்லை. தொடர்புக்குச் சான்று எதுவும் இல்லை. எதிர்ப்படுதலை முழுதாக எழுதி வைக்க முடியாது, அதை ஒரு மனிதரின் பொறுப்பில் விட வேண்டும் என்ற முடிவுக்கு இரு மரபுகளும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்தன. இந்த ஒப்பீட்டின் பயன் அவ்வளவே.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விளையாட்டில் முடிவு திறந்திருக்கிறது. கூத்திலோ கர்ணன் சாவது உறுதி, துரியோதனன் தொடை பிளப்பதும் உறுதி. முடிவு தெரிந்த ஒன்றில் எதிர்ப்படுதலை நடத்துவதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. பார்வையாளர் கையில் பகடை இல்லை. ஆனால் ‘சூது துகில்’ கூத்தைக் கவனித்தால் மறுப்பு தளர்கிறது. அங்கே பகடை மேடையிலேயே உருளுகிறது. அது சகுனிக்கே விழும் என்பது குழந்தைக்கும் தெரியும். எனவே யாரும் பகடையைப் பார்ப்பதில்லை. அடுத்த பந்தயத்தை வைக்குமுன் தருமன் என்ன சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறான் என்பதைத்தான் கேட்கிறார்கள். சபைக்கு இழுத்துவரப்பட்ட திரௌபதி, தன்னையே தோற்றவனுக்குத் தன்னை வைத்தாட உரிமை ஏது என்று கேட்கும்போது, முடிவு தெரிந்திருப்பது கேள்வியின் கூர்மையைக் குறைப்பதில்லை. அங்கே தீர்மானமாகாமல் இருப்பது நியாயம். அந்த நியாயத்தை ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வோர் இரவிலும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது.

இப்படிப் பேசப்படும் எதிர்ப்படுதல் கதையையே மாற்றிவிடும் என்பதற்குச் சிதம்பரத்தைச் சுற்றி எழுந்த நந்தனார் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. கூத்தை விட்டுச் சற்று விலகினாலும் இது தேவையான விலகல். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போகத் தயங்குவது தன் குலத்தை எண்ணித்தான். அவரைத் தடுக்கும் பண்ணையார் யாரும் அங்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதாகாலட்சேபத்துக்காக ‘நந்தனார் சரித்திரம்’ இயற்றியபோது, ஆதனூர் வேதியர் என்னும் ஆண்டையை நந்தன் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். நாற்பது வேலிப் பயிர்வேலையை முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். இரவோடு இரவாக இறையருளால் வேலை முடிகிறது. சேக்கிழார் சொல்லாத இந்த எதிர்ப்படுதல், பாரதி காலத்து நிலவுடைமையைச் சிதம்பரக் கதைக்குள் கொண்டுவந்தது. தண்டபாணி தேசிகர் நடித்து 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்தை அறிந்தவர்களுக்கு வேதியர் இல்லாத நந்தன் கதையே இல்லை. வேதியர் இறுதியில் நந்தன் காலில் விழுவதால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் காட்டுவது எளிய சமாதானம் என்ற விமரிசனத்தை ஏற்கிறேன். என்றாலும், கேட்போரின் காலம் கதைக்குள் நுழைந்த வாசல் எது என்றால், அது இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் அந்தக் கட்டம்தான்.

இன்னொரு மறுப்பையும் பார்க்க வேண்டும். தர்க்கம் என்பது கூத்தின் நலிவு, பாட்டு மறந்த இடத்தை வாய்ப்பேச்சால் நிரப்புவது என்று சிலர் கருதுகிறார்கள். வெற்றுச் சிரிப்புக்காக இழுக்கப்படும் இரவுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் நடத்தும் முறை இதற்குப் பதிலாகும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் அன்றிரவே ‘வள்ளி திருமணம்’ ஆடுகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில், எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார் என்று தெரியாமலே பதில் சொல்ல வேண்டும். பாடம் குறைவாக உள்ளவரால் அங்கே ஒரு நாழிகைகூட நிற்க முடியாது. நிறையப் பாடம் உள்ளவருக்கே கைவரும் ஒரு வேலையை நலிவு என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கலையில் நடத்துபவரின் இடம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்தியப் பெருங்கடலுக்கு அப்பாலும் ஒரு தடயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ரெயூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் கூத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே அதை ‘பால் தமூல்’ என்கிறார்கள். பிரெஞ்சும் கிரியோலும் பேசும் அந்தத் தீவில், பாரதக் கதையைப் பாடி ஆட்டத்தை நடத்துபவருக்கு வழங்கும் பெயர் ‘வர்த்தியால்’. அது நம் வாத்தியார்தான்.