பழவேற்காட்டுக் கோட்டை: ஒரு படையை எப்படி எடை போடுவது?

ஒரு ராணுவம் பெரிசா, சின்னதா என்று யாராவது கேட்டால் நாம் உடனே இரண்டு எண்களைத் தேடுவோம். ஆள் எத்தனை? செலவு எவ்வளவு? அந்தப் படை எதுக்காக இருக்கு என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இன்றைக்கு இந்த மூன்றையும் ஒரே ஊரில் வைத்துப் பார்ப்போம். ஊர், பழவேற்காடு.

அங்கே ஏரியை நம்பி வாழும் மீனவர் குப்பங்களில் ஒன்றின் பெயர் கோட்டைக்குப்பம். பெயரில் இருக்கிற அந்தக் கோட்டை இன்றைக்குப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம்.

கதை 1602இல் தொடங்குகிறது. அந்த வருஷம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெதர்லாந்து அரசு ஒரு பட்டயம் கொடுத்தது. ஆசியாவில் வியாபாரம் செய்யலாம். அதோடு கோட்டை கட்டலாம், சிப்பாய்களைச் சேர்க்கலாம், ஒப்பந்தம் போடலாம். அதாவது ஒரு தேசத்தின் படை பலம் கம்பெனிக் கணக்கு வழியாக வேலை செய்ய ஆரம்பித்தது.

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியின் அனுமதியோடு கம்பெனி பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1612இல் வந்து அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் கோட்டை. வேங்கடபதியின் ராணி ஒருவர் தொடங்கிய கட்டுமானத்தைக் கம்பெனி 1613இல் முடித்தது. அங்கே தலைமை தாங்கிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் நினைவாக ‘ஜெல்ட்ரியா’ என்று பெயர் வைத்தார்.

சரி, இந்தப் படைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? கம்பெனியின் சாதாரணச் சிப்பாய்க்குப் பொதுவாக மாதம் 9 கில்டர் சம்பளம். கணக்குக்காக ஒரு கோட்டையில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 10,800 கில்டர். அவ்வளவுதானா என்று தோன்றும், இல்லையா? இங்கேதான் ஏமாந்துவிடுவோம்.

முதலில், சம்பளம் முழுவதும் இங்கேயே கையில் கிடைக்காது. ஒரு பகுதி இங்கே, மீதி ஊர் திரும்பிய பிறகு. ஆள் செத்துவிட்டால் வாரிசுகளுக்கு. அதனால் செலவு ஒரே கணக்குப் புத்தகத்தில் முழுசாகத் தெரியாது. இரண்டாவது, ஆள் சேதாரம். கம்பெனியின் இரண்டு நூற்றாண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் ஐரோப்பாவில் கப்பலேறினார்கள். அந்தக் கப்பல்களில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 100 பேரை எப்போதும் 100 பேராகவே வைத்திருக்க எத்தனை பேரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

மூன்றாவது, படைச் செலவு என்று யாருமே எழுதாத செலவு. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கியது, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளை ஓட்டிய நம்ம கரையோரத்து ஆட்கள். அவர்கள் படகை எடுக்காவிட்டால் பீரங்கி இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆனால் படைபலப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. இந்தப் படை எதுக்கு? நாடு பிடிக்க இல்லை. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்கணும் என்றால் அங்கே சோழமண்டலத் துணி வேணும். அந்தத் துணி சேரும் கிடங்கைக் காப்பதுதான் கோட்டையின் முதல் வேலை. கோட்டையை ஒட்டி வெடிமருந்து ஆலையும் வந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்து கடல் ஈரத்தில் கெட்டுப்போகும். இந்தியாவிலேயே வெடியுப்பு கிடைத்தது. பழவேற்காட்டில் தயாரான மருந்து பட்டேவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், மற்ற டச்சுக் கோட்டைகளுக்கும் போனது. ஆக, இங்கே நின்ற சிப்பாய்களை மட்டும் எண்ணினால் இந்த ஊரின் ராணுவ மதிப்பு பிடிபடாது. அதே கரையிலிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். அதுவும் கோட்டையின் நிழலில் நடந்ததுதான்.

நோக்கம் என்ன என்று கேட்காமல் பலத்தை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 1690இல் தலைமையிடம் அங்கே போனது. பெரும் செலவில் பெரிய கோட்டை எழுந்தது. 1781இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டார்கள். மூன்றே வாரத்தில் விழுந்தது. அதே வருஷம் பழவேற்காடும் போனது. சாந்தோமிலிருந்து வரும் பகையாளியையும் பக்கத்துச் சிற்றரசர்களையும் தடுக்க நிறுத்திய காவல், நாடு பிடிக்கக் கிளம்பிய படைக்கு முன்னால் நிற்கவில்லை. கடலில் உதவிக்கு வரும் கப்பற்படை இல்லையென்றால் மதில் எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை. பழவேற்காடு திரும்பக் கிடைத்து, மறுபடி பறிபோய், 1825இல் முழுசாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இன்றைய எண்களையும் இப்படித்தான் படிக்கணும். 2025-26இல் இந்தியாவின் பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி ரூபாய். கேட்டவுடனே அத்தனையும் துப்பாக்கி, கப்பல், விமானம் என்று நினைப்போம். அதில் சுமார் 1.6 லட்சம் கோடி ஓய்வூதியம். தளவாடம் வாங்குவது போன்ற மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. டச்சுச் சிப்பாயின் பாக்கிச் சம்பளம் மாதிரி, நேற்றைய படைக்கான கணக்கும் இன்றைய தொகைக்குள் இருக்கிறது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கடலோரக் காவல்படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டியிருக்கிறார்கள். அதே இடத்தில் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை ஏரியை நம்பி வாழும் மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கரை அரிக்கும், மீன்பாடு போகும் என்பது அவர்கள் பயம். துறைமுக விரிவாக்கம் வேறு, கப்பற்படை வேறுதான். ஆனால் கடற்கரையில் எது கட்டினாலும், அதனால் அங்கே வாழ்கிறவர்களுக்கு ஆகும் செலவு எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்ற கேள்வி 1613இல் இருந்தே பாக்கி.

அடுத்த முறை ராணுவ பட்ஜெட் செய்தி படிக்கும்போது தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். யாரைத் தடுக்க, எதைக் காக்க, யார் செலவில் என்றும் கேளுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.