துவார்: தலைச்சுற்றலின் காரணம் தேடிய வரலாறு

அரபு மொழியில் தலைச்சுற்றலுக்கு 'துவார்' என்று பெயர். சுழலுதல் என்னும் பொருளுடைய 'தாரா' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. வட்டத்தைக் குறிக்கும் 'தாயிரா', சுற்று எனப் பொருள்படும் 'தவ்ர்' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். திருக்குர்ஆனில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 19ஆம் வசனம், அச்சம் சூழ்ந்தோரின் கண்கள் மரண மயக்கத்தில் வீழ்ந்தவனின் கண்களைப்போல் சுழல்வதை இதே வினையால் சித்திரிக்கின்றது. அவ்வசனம் பேசுவது உள்ளத்தின் கோழைமையைப் பற்றியேயன்றி நோயைப் பற்றியன்று. அதில் மருத்துவம் தேடுவது முறையாகாது. சொல்லின் பொருட்பரப்பை உணர்த்தவே அதனை இங்கு குறிப்பிட்டேன்.

மருத்துவ நூலார் இச்சொல்லை மிகக் கவனமாக ஆண்டனர். இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' நூலின் மூன்றாம் பாகத்தில், தலைநோய்களைக் கூறுமிடத்தில், துவாரையும் 'ஸதர்' என்பதனையும் வேறுபடுத்துகின்றார். பொருள்கள் தன்னைச் சுற்றிச் சுழல்வதாகவும், தன் மூளையும் உடலுமே சுழல்வதாகவும் நோயாளிக்குத் தோன்றி, நிலைகொள்ள இயலாமல் வீழ்வது துவார். எழுந்து நிற்கையில் கண் இருண்டு விழப்போவது ஸதர். வலிப்பு நோயிலிருந்தும் துவாரை அவர் பிரிக்கின்றார்: வலிப்பு திடீரென வந்து வீழ்த்தும், துவாரோ சிறிது காலம் நிலைத்து நிற்கக்கூடியது. நாமோ இம்மூன்றையும் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம்.

அவ்வாறு அடக்கியதன் விலையை நானும் கொடுத்தேன். சுஜூதிலிருந்து தலையை உயர்த்தும்போதும், படுக்கையில் வலப்புறம் திரும்பும்போதும் அறை முழுவதும் சுழலும். அரை நிமிடத்திற்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ ஈராண்டுகள், பித்தம் என்றும் இரத்த அழுத்தம் என்றும் மருந்துண்டேன். கண்ணேறு எனக் கருதி ஓதி ஊதியவர்களும் உண்டு. நாற்காலியில் அமர்ந்து தொழலானேன். இறுதியில் ஒரு காது மருத்துவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி இதுதான்: "சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா?" அரபு நூல்களைப் பல்லாண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அக்கேள்வி புதியதன்று. எனினும் என் நோயைப் பார்த்து அதனை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

இப்னு சீனா காரணங்களையும் ஆராய்கின்றார். நோய் மூளையிலேயே தோன்றலாம். இரைப்பை முதலிய உறுப்புகளின் தொடர்பாலும் தோன்றலாம். ஒருவர் தம்மைத் தாமே வேகமாகச் சுற்றிவிட்டு நின்றபின்னும் உலகம் சுழல்வது ஏன் என்பதற்கு அவர் தரும் உவமை வியக்கத்தக்கது. நீருள்ள கிண்ணத்தைச் சுழற்றி நிறுத்தினால், கிண்ணம் நின்றபின்னும் உள்ளிருக்கும் நீர் சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அவ்வாறே தலையினுள் ஆவிகளும் 'ரூஹ்' எனப்படும் உயிர்க்காற்றும் சுழல்கின்றன என்கின்றார். உவமை சரியானது, இடம்தான் தவறிவிட்டது. சுழல்வது மூளையின் காற்றன்று, உட்செவியின் நுண்குழல்களிலுள்ள திரவம்.

இத்தவறு அவர் ஒருவருடையதன்று. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (இறப்பு 873) அவர்தம் குழுவினரும் அரபியில் பெயர்த்தபோது, மூளையின் உயிர்க்காற்றுப் பற்றிய அவருடைய கோட்பாடும் உடன் வந்தது. அதே ஜாலீனூஸை ஐயுற்று 'அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்' எனத் தனிநூலே எழுதினார் அபூபக்ர் அர்ராஸீ (இறப்பு 925 அளவில்). ஆசிரியரை மதித்துக்கொண்டே அவர் கூற்றை ஐயுறலாம் என்பது அந்நூல் கற்பிக்கும் பாடம்.

கானூன் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனாக்கம் பெற்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாயிற்று. அங்கேதான் தேடல் தொடர்ந்தது. 1820களில் பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரான்ஸ், புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டியபோது, எக்குழல் வெட்டப்பட்டதோ அதன் தளத்திலேயே அவற்றின் தலை ஆடக் கண்டார். 1861இல், பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராயிருந்த பிராஸ்பர் மெனியே, தலைச்சுற்றலும் செவி இரைச்சலும் கேள்விக்குறைவும் ஒருங்கே வரும் நோய்க்கு மூலம் உட்செவியே என மருத்துவ அகாதமியில் எடுத்துரைத்தார். அதுவரை அதனை மூளையில் இரத்தம் தேங்குவதாகக் கருதி, நோயாளியின் இரத்தத்தை வடித்து வந்தனர். அவர் கூற்றுக்கு உரிய வரவேற்பு கிட்டவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

1873–1875 காலத்தில் மாக், ப்ராயர், க்ரம் பிரவுன் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். தலை திரும்பும்போது குழலிலுள்ள திரவம் பின்தங்குகின்றது; தலை நின்றபின்னும் அது நகர்கின்றது; அந்நகர்வையே நாம் சுழற்சியாக உணர்கின்றோம். கிண்ணத்து நீர் தனக்குரிய இடத்தை அடைந்தது.

வியன்னாவில் ராபர்ட் பாரானி நோயாளிகளின் செவியைக் கழுவுகையில், குளிர்நீர் பட்டால் கண்கள் ஒரு திசையிலும் வெந்நீர் பட்டால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கண்டார். நோயாளியின் சொல்லை மட்டுமே நம்பியிருந்த மருத்துவத்திற்குக் கண்ணே சாட்சியாயிற்று. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யர்களின் போர்க்கைதியாக மர்வ் நகரில் இருந்தார். மங்கோலியப் படையெடுப்புக்கு முன் யாகூத் அல்ஹமவீ நூலகங்களில் மூழ்கிக் கிடந்த அதே மர்வ்!

1952இல் இலண்டனில் டிக்ஸ், ஹால்பைக் இருவரும், நோயாளியைச் சட்டெனப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிக் கண்ணசைவைக் காணும் சோதனையை விளக்கினர். உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து குழலினுள் புகுவதே இவ்வகை நோயின் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தலையைப் படிப்படியாகத் திருப்பி அப்படிகங்களை மீண்டும் தம் இடத்திற்கு உருட்டிவிடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். அதற்கு முன் பல்லாண்டுகள் சக மருத்துவர்களின் அவநம்பிக்கையை அவர் தாங்க வேண்டியிருந்தது. எனக்கும் அம்முறையே பயன்பட்டது. சில நிமிடங்கள்தாம் ஆயின. ஆயினும் எல்லாத் தலைச்சுற்றலும் செவியில் எழுவதன்று. பேச்சுக் குழறலோ, கைகால் தளர்ச்சியோ, இரட்டைப் பார்வையோ சேர்ந்து வந்தால் அது மூளையின் அவசர நோயாகலாம்; தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும்.

இவ்வரலாற்றைக் கூறி, எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவது எளிது. அது உண்மையன்று, இப்னு சீனாவுக்குப் பெருமையும் அன்று. அவர் இடத்தைத் தவறவிட்டார்; ஆனால் எதனை எதிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்பதை அறிந்திருந்தார். நமக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அந்தப் பிரித்தறிதலே. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை இறக்கியுள்ளான் என்ற நபிமொழியை மேடைதோறும் கூறுகின்றோம். முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் அறிவிப்பு, அதனை அறிந்தவர் அறிந்தனர், அறியாதவர் அறியாதிருந்தனர் என்ற கருத்தையும் சேர்த்தே தருகின்றது. அப்பிற்பகுதியை நாம் அரிதாகவே நினைவுகூர்கின்றோம். அறிந்தவர் வரிசையில் ஒரு காலம் நம்மவர் நின்றனர். மீண்டும் அங்கு நிற்க வழி பழம்பெருமையன்று. அவர்கள் கேட்டவாறு கேட்பதே.