எதிரொலியோடு பிறந்த பாட்டு

மனத்தில் தோன்றிய மெட்டை மறையுமுன் பிடித்துவைக்கும் அவசரம் இசைக் கலைஞருக்குப் புதிதல்ல. 1982 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், வாடகை வீடொன்றின் படுக்கையறையிலிருந்து புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் நான்கு தடங்கள் கொண்ட கசற் கருவியிலே புதிய பாடல்களைப் பதிந்தார். தம் குழுவினருக்குப் போட்டுக்காட்டுவதற்கான வெறும் மாதிரிதான். எக்கோபிளெக்ஸ் என்னும் கருவியால் எதிரொலியும் சேர்த்தார். பின்னர் கலையகத்தில் குழுவோடு இசைத்துப் பார்த்தார்கள். அந்தத் தனிமை வரவில்லை. உறைகூட இல்லாமல் அவர் பையில் கிடந்த கசற்றே, பெரும்பாலும் அப்படியே, அவ்வாண்டு செப்ரெம்பரில் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாயிற்று. எதிரொலியை அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பாட்டோடு கூடப் பிறந்தது.

இன்று அந்தக் கசற்றின் வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. முனகியதை எதிரொலியோடு பதிந்து, சுருக்கிய கோப்பாக உடனே அனுப்பிவிடலாம். சுருக்கும்போது எதைக் கழிக்கிறார்கள்? உரத்த ஒலியின் மறைவில் காதுக்கு எட்டாத நுண்ணொலிகளை. ஜேர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலியோர் எம்.பி.3 முறையை உருவாக்கியபோது, சுசான் வேகா வாத்தியமின்றிப் பாடிய 'ரொம்ஸ் டைனர்' பாட்டையும் சோதித்தார்கள். குரல் சிதைந்து வந்தது. வாத்தியங்களுக்குள் மறையும் பிழை, தனிக்குரலில் எங்கே மறையும்? அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே முறையைத் திருத்தினார்கள்.