ஜார்ஜ் டவுனில் ‘காட்’ பிறந்த கதை

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா ஸ்ட்ரீட் வழியாகக் கடலை நோக்கி நடந்தால், பீச் ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் பெயர்ப்பலகை மாறிவிடும். அதுவரை ‘லெபோ சூலியா’ என்றிருந்த தெரு, அங்கிருந்து ‘காட் லெபோ சூலியா’ ஆகிறது. சர்ச் ஸ்ட்ரீட், சைனா ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், ஆர்மீனியன் ஸ்ட்ரீட் ஆகியவற்றுக்கும் கடலோரத்தில் இப்படி ஒவ்வொரு காட் உண்டு. ஸ்ட்ரீட், ரோடு, லேன், அவென்யூ என்று தெருவுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்க, அதில் இல்லாத ஒரு சொல் இந்தத் தெருக்களுக்கு ஏன் வேண்டியிருந்தது?

1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் நகரம் எழுந்தது. வடக்கே லைட் ஸ்ட்ரீட், கிழக்கே பீச் ஸ்ட்ரீட், தெற்கே சூலியா ஸ்ட்ரீட், மேற்கே பிட் ஸ்ட்ரீட் என்ற நான்கு தெருக்கள்தான் அன்றைய நகரத்தின் எல்லை. கிங், குயின், பிஷப், சர்ச், சைனா, மார்க்கெட், பினாங்கு என்ற தெருக்கள் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் அந்நாளில் சூலியாக்கள் என்றார்கள். அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே தங்கியிருப்பதாகவும், கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை ஏற்றி வருவதாகவும் லைட் 1794-இல் எழுதினார். வந்தவர்கள் வியாபாரமும் உடலுழைப்பும் செய்து கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

அந்தத் திட்டத்தில் எல்லாமே ஸ்ட்ரீட்தான். அதற்குக் காரணம் அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ரோமானியர்கள் கல் பரப்பிப் போட்ட வழியை லத்தீனில் ‘ஸ்த்ராத்தா’ என்றார்கள். அதன் வழி வந்தது ஸ்ட்ரீட். நாளடைவில் அது இருபுறமும் வீடும் கடையும் வரிசை கட்டிய ஊர்த்தெருவுக்கு உரியதாயிற்று. ரோடு வேறு குடும்பம். ‘குதிரையேறிப் போவது’ என்பதே அதன் பழைய பொருள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழி என்ற பொருளுக்கு அது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் கடற்பரப்புக்கும் அதே சொல்தான். கம்பெனியின் ஆவணங்களில் வரும் ‘மதராஸ் ரோட்ஸ்’ ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே இருந்த திறந்த கடலைக் குறிக்கிறது. ஆகவே ஒரே தெருவுக்கு ஏற்பட்ட மாற்றுப்பெயர்கள் அல்ல இவை. ஒன்று குடியிருப்பிலிருந்தும் மற்றொன்று பயணத்திலிருந்தும் பிறந்தவை.

ஜார்ஜ் டவுனில் நிலமும் நீரும் சந்தித்த இடத்தில் நடந்த வேலை இந்த இரண்டிலும் அடங்கவில்லை. பீச் ஸ்ட்ரீட் அன்று பெயருக்கேற்ற கடற்கரைத் தெரு. அதன் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் பின்புறம் வரை அலை வந்தது. பெரிய கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கையும் ஆட்களையும் படகுகள் கரைக்குக் கொண்டுவந்தன. படகு வந்து அணைந்து, மூட்டை தோளேறி, மனிதர் கரையேறும் இடத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பினாங்கு அப்போது வங்காள அரசின் கீழ் இருந்தது. கங்கைக் கரையில் படித்துறைக்கு வழங்கிய ‘காட்’ என்ற சொல், இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயரின் நாவில் முன்பே ஏறியிருந்தது. தமிழில் தீர்த்தக் கட்டம் என்கிறோமே, அந்தக் ‘கட்டம்’ இதற்கு உறவு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இச்சொல்லுக்குப் படகுத்துறை, மலையிலிருந்து இறங்கும் கணவாய், அந்தக் கணவாய்கள் உள்ள மலைத்தொடர் என்று மூன்று பொருள்களைத் தருகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதுவே.

நான்காவது பொருளைப் பினாங்கு தந்தது. 1880 முதல் 1887 வரை, பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர் சர் பிரெடெரிக் வெல்ட். 1880-களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். புதிய கரைக்கு வெல்ட் கீ (கீ என்றால் கப்பல்துறை மேடை) என்று அவர் பெயரே அமைந்தது. கரை கிழக்கே நகர்ந்ததும் பழைய தெருக்கள் தூர்த்த நிலத்தின் மேல் நீண்டு அதை எட்டின. அப்படி நீண்ட துண்டுகளுக்குப் புதுப்பெயர் தேடாமல் காட் என்றே சொன்னார்கள். இறங்குதுறையைக் குறித்த சொல் இவ்வாறு தெருவின் வகைப்பெயர் ஆயிற்று. பீச் ஸ்ட்ரீட்டுக்கும் வெல்ட் கீக்கும் நடுவே காட் என்ற பெயரோடு கிடக்கும் தரையெல்லாம் ஒருகாலத்தில் நீர்.

மலாய் தேசிய மொழியானபின் பலகைகள் மாறின. ஸ்ட்ரீட் ‘லெபோ’ ஆயிற்று, ரோடு ‘ஜாலான்’, லேன் ‘லோரோங்’, கீ ‘பெங்காலான்’. ஜாலான் என்ற மலாய்ச் சொல்லுக்கு நடத்தல் என்றும் பொருள் உண்டு. ஆங்கிலேயர் குதிரையில் போன வழி ரோடு ஆனதுபோல, மலாய்க்காரர் நடந்த வழி ஜாலான் ஆனது. காட் மட்டும் எழுத்து மாறி அப்படியே நின்றது. மொழிபெயர்த்தவர்கள் வகைப்பெயர்களைக் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டது பெரிய காரியம். ஏனென்றால் பினாங்கு ஸ்ட்ரீட் வேறு, பினாங்கு ரோடு வேறு. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு ஸ்ட்ரீட், லிட்டில் இந்தியாவில் பழைய நகரத்துக்குள் இருக்கிறது. பினாங்கு ரோடோ அந்தப் பழைய எல்லைக்கு வெளியே மேற்கில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பொருள்தானே என்று ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னால் வழி தவறிவிடும்.

ஒருபொருட் பன்மொழி என்று நாம் ஒதுக்கிவைக்கும் சொற்களுக்குள் இப்படித்தான் தனித்தனி வேலைகள் இருக்கின்றன. திவாகரமும் சூடாமணியும் இடப்பெயர்களுக்கென ஒரு தொகுதியையே ஒதுக்கின. மறுகு, ஆவணம், வீதி, தெரு, சந்து, முடுக்கு, சாலை, பெருவழி ஆகியவற்றைத் தமிழர்கள் வீணாகப் பெருக்கிவைக்கவில்லை. ஆவணம் கடைவீதி, பெருவழி ஊரையும் ஊரையும் இணைப்பது, முடுக்கு இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைவது. மதுரையில் சுவாமி புறப்பாடு சுற்றிவரும் மாசியும் ஆவணி மூலமும் வீதிகள். அவற்றைத் தெரு என்று அவ்வூர்க்காரர் எவரும் சொல்வதில்லை.

யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அந்தப் பாரம்பரியம் மசூதியிலும் கோயிலிலும் கடைவீடுகளிலும் மட்டும் இல்லை, பெயர்ப்பலகையின் முதல் சொல்லிலும் இருக்கிறது. நம் ஊர்களிலோ புதுப்பலகை வைக்கும்போது சந்தும் முடுக்கும் மடவிளாகமும் துறையும் அழிந்து, எல்லாம் தெரு என்றோ சாலை என்றோ ஆகிவருகின்றன. யார் பெயரை வைப்பது என்பதற்கு நடக்கும் வாதத்தில் பாதியாவது, அதன் பின்னால் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பதற்கும் நடக்க வேண்டும். தலைவரின் பெயரை எந்த ஊரிலும் வைக்கலாம். துறை என்ற சொல்லோ, படகு வந்து அணைந்த ஊருக்கே சொந்தம்.