வியாபாரிக்கு முந்திய பல் டாக்டர்

எந்தக் கிராம அருங்காட்சியகத்துக்குப் போனாலும் உரல், உலக்கை, மரக்கால், யாரோ ஒரு பாட்டியின் டிரங்குப் பெட்டி என்று வரிசையாக இருக்கும். பரணில் கிடந்ததற்கு டிக்கெட் போடும் துணிச்சல் முதலில் யாருக்கு வந்தது?

1872-இல் ஆர்ட்டூர் ஹாசெலியுஸ் என்ற ஸ்வீடன்காரர் தாலார்னா பக்கம் பயணம் போனார். ஊருக்கு ஊர் மாறும் நாட்டுப்புற உடைகள் வழக்கொழிவதைப் பார்த்து வாங்கிக் குவித்தார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் காட்சி. 1878 பாரிஸ் கண்காட்சிக்கு, நிஜ உடை உடுத்திய ஆளுயரப் பொம்மைகளைக் கொண்டுபோனார். அதில் ஒரு காட்சி, இறந்துபோன குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம். ஒரு ஓவியத்தைப் பார்த்துச் செய்தது அது!

அதைப் பார்த்தவர்களில் பெர்ன்ஹார்ட் ஓல்சனும் ஒருவர். கோபன்ஹேகனின் டிவோலி கேளிக்கைப் பூங்காவை நடத்திவந்தவர். கூட்டத்தின் நாடி அவருக்கு அத்துப்படி. 1885-இல் டென்மார்க்குக்கும் அப்படி ஒரு நாட்டுப்புற அருங்காட்சியகம் தயார். ஹாசெலியுஸ் சும்மா இருப்பாரா? வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து 1891-இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஆனால் அதிலும் அவர் முதல்வரல்லர். மன்னர் இரண்டாம் ஆஸ்கர் 1881-லேயே நார்வேயில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் ஆண்டர்ஸ் சாண்ட்விக். காசநோய்க்கு நல்ல காற்றுத் தேடி 1885-இல் நார்வேயின் லில்லெஹாமருக்கு வந்த பல் டாக்டர். கருவிப் பையோடு அங்கிருந்த பள்ளத்தாக்கின் ஊர்களைச் சுற்றியபோது, பழம்பொருள் வியாபாரிகள் வீடுகளைக் காலிசெய்வதைக் கண்டார். பல் பிடுங்கப் போனவர் பெட்டியும் பாத்திரமுமாகத் திரும்பினார். பிறகு வீடுகளையே வாங்கித் தன் தோட்டத்தில் நிறுத்தினார். இடம் போதாமல் 1904-இல் எல்லாம் மைஹாகன் குன்றுக்குப் போயின. இன்று அங்கே சுமார் 200 கட்டடங்கள்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு, தன் கார்களால் தலைகீழாக மாறிய பழைய கிராமத்தைத் தன் செலவிலேயே திரும்பக் கட்டிப் பார்த்தார். அதற்காக இங்கிலாந்தின் செட்வொர்த் கிராமத்திலிருந்து ஒரு கல்வீடு பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது. மான் தீவின் கிரெக்னீஷ் கிராமத்தில் இந்த வம்பே இல்லை. 1938-இல் ஹாரி கெல்லியின் கூரைவீட்டை நின்ற இடத்திலேயே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

1996-இல் நம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறந்தது. திருநெல்வேலி அக்கிரகார வீடும் செட்டிநாட்டு வீடும் பிரித்துக் கொண்டுவரப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எழுந்தன. சாண்ட்விக் பார்த்த வியாபாரிகள் மட்டும் எங்கும் போய்விடவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் இப்போதும் விலைக்குக் கிடைக்கின்றன.