குளோரின் கலந்த பிறகும் நீர் மாசடைவது ஏன்? குடிநீர்க் குழாய்களுக்குள் படரும் ‘உயிரிப்படலம்’

புதுடெல்லி: சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்படும் குடிநீர், வீட்டுக் குழாயை வந்தடையும்போதும் அதே தூய்மையுடன் இருக்கும் என்று உறுதியாகக் கூற முடிவதில்லை. நீர் கடந்து வரும் பல கிலோமீட்டர் நீளக் குழாய்களின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி வாழும் வழவழப்பான மெல்லிய அடுக்கு படிந்திருக்கிறது. இதனை ‘உயிரிப்படலம்’ (பயோஃபிலிம்) என்று அறிவியலாளர்கள் அழைக்கின்றனர். நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களை விரைவாக அழிக்கும் குளோரின், இந்தப் படலத்திற்குள் எளிதில் ஊடுருவ முடிவதில்லை.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் ஊரகப் பகுதிகளில் 3.23 கோடி வீடுகளுக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. தற்போது அந்த எண்ணிக்கை 15 கோடியைக் கடந்துள்ளது. இணைப்புகள் பெருகியுள்ள நிலையில், குழாயில் வரும் நீர் பாதுகாப்பானதா என்ற கேள்வியும் முக்கியத்துவம் பெறுகிறது.

உயிரிப்படலம் உருவாவது எப்படி?

பற்களின் மீது படியும் காரையும் ஓர் உயிரிப்படலமே. குடிநீர்க் குழாயிலும் ஏறத்தாழ அவ்வாறே நடைபெறுகிறது. சுத்திகரிப்புக்குப் பின்னும் நீரில் எஞ்சியிருக்கும் சில பாக்டீரியாக்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் அவை சர்க்கரைச் சேர்மங்கள், புரதங்கள் ஆகியவை கொண்ட பிசின் போன்ற பொருளைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகுகின்றன. நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்துள்ள கரிமப் பொருள்களே அவற்றுக்கு உணவாகின்றன. படலம் தடிக்கும்போது அதன் சில பகுதிகள் பெயர்ந்து நீருடன் கலக்கின்றன.

குடிநீர் விநியோக அமைப்பில் உள்ள நுண்ணுயிரித் திரளில் சுமார் 95 சதவீதம் குழாய்ச் சுவர்களில்தான் இருக்கிறது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. நீரில் மிதப்பவை எஞ்சிய சிறு பகுதி மட்டுமே. இவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு விளைவிப்பதில்லை. எனினும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, லெஜியோனெல்லா போன்ற நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களும், வெளியிலிருந்து கசிந்து நுழையும் கிருமிகளும் இந்தப் படலத்தில் அடைக்கலம் பெறக்கூடும்.

குளோரின் தடுமாறுவது ஏன்?

குளோரின் தீவிரமாக வினைபுரியும் தன்மை கொண்டது. அதன் வலிமையான இப்பண்பே இங்கு பலவீனமாகிறது. படலத்தின் மேலடுக்கில் உள்ள பிசினுடனும் பாக்டீரியாக்களுடனும் வினைபுரிந்து, உள்ளடுக்குகளை எட்டும் முன்பே அது செலவாகிவிடுகிறது. 1994-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நுண் மின்முனைகளைக் கொண்டு படலத்திற்குள் இருந்த குளோரின் அளவிடப்பட்டது. அது சுற்றியுள்ள நீரில் இருந்த அளவில் பெரும்பாலும் 20 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே இருந்தது.

பழைய இரும்புக் குழாய்களில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. துரு குளோரினை உட்கொள்வதுடன், அதன் மேடு பள்ளங்கள் பாக்டீரியாக்களுக்கு மறைவிடமாகவும் அமைகின்றன. குளோரினுடன் அம்மோனியா சேர்த்து உருவாக்கப்படும் மோனோகுளோரமின் மெதுவாக வினைபுரிவதால், படலத்திற்குள் கூடுதல் ஆழம் வரை செல்கிறது. ஆயினும் அதன் கிருமிநீக்கும் வேகம் குறைவு.

அப்படியானால் குளோரின் அளவை உயர்த்தினால் போதாதா? அதற்கும் வரம்பு உண்டு. நீரின் சுவையும் மணமும் கெடுவது ஒருபுறமிருக்க, கரிமப் பொருள்களுடன் குளோரின் வினைபுரியும்போது குளோரோஃபார்ம் உள்ளிட்ட துணை விளைபொருள்கள் உருவாகின்றன.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரநிலையின்படி, ஒரு லிட்டர் நீரில் குளோரோஃபார்ம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எச்சக் குளோரின் குறைந்தபட்சம் 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது இது 0.5 மில்லிகிராமாக இருக்க வேண்டும். எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் இ.கோலை பாக்டீரியா கண்டறியப்படக் கூடாது.

ஹுப்பள்ளி-தார்வாட் காட்டிய வேறுபாடு

இந்திய நகரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நாளில் சில மணி நேரமோ, சில நாள்களுக்கு ஒரு முறையோதான் குடிநீர் விநியோகிக்கப்படுகிறது. இதன் விளைவை அறிய கர்நாடகத்தின் ஹுப்பள்ளி-தார்வாட் இரட்டை நகரம் வாய்ப்பளித்தது. அங்கு சில பகுதிகளில் 24 மணி நேரமும், ஏனைய பகுதிகளில் இடைவெளி விட்டும் நீர் வழங்கப்பட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகியோரின் ஆய்வு 2013-ஆம் ஆண்டு வெளியானது. தொடர் விநியோகம் உள்ள பகுதிகளின் குழாய்நீர் மாதிரிகளில் 0.7 சதவீதத்தில் மட்டுமே இ.கோலை காணப்பட்டது. இடைவெளி விட்டு விநியோகிக்கப்பட்ட பகுதிகளிலோ இது 31.7 சதவீதமாக இருந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் குழாயில் நிலவும் அழுத்தம் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நீர் நிறுத்தப்பட்டதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அப்போது அருகில் தேங்கியுள்ள கழிவுநீர், விரிசல்கள் வழியாக உள்ளே இழுக்கப்படக்கூடும். தேங்கி நிற்கும் நீரில் குளோரினும் தீர்ந்துபோகிறது. மீண்டும் நீர் திறக்கப்படும்போது எழும் வேகம், சுவரில் படிந்த படலத்தையும் வண்டலையும் பெயர்த்து எடுத்து வருகிறது. முதலில் வரும் நீர் கலங்கலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அதே நகரத்தில் நடத்தப்பட்டு 2015-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், தொடர் விநியோகம் பெற்ற பகுதிகளில் டைஃபாய்டு பாதிப்பைத் தெரிவித்த வீடுகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால், குழந்தைகளின் பொதுவான வயிற்றுப்போக்குப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடிநீர் மேம்பாட்டுடன் சுகாதாரமும் சேர்ந்து மேம்பட வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

தீர்வு எங்கே உள்ளது?

ஒடிசாவின் புரி நகரில் 2021 ஜூலை 26 அன்று, குழாயிலிருந்து நேரடியாகப் பருகத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வசதியைப் பெற்ற முதல் நகரமாகப் புரி அறிவிக்கப்பட்டது. குழாயில் எப்போதும் அழுத்தம் நிலவுவது கழிவுநீர் உட்புகுவதைத் தடுக்கும்.

நெதர்லாந்து வேறு வழியைப் பின்பற்றுகிறது. அங்கு பாக்டீரியாக்களுக்கு உணவாகும் கரிமப் பொருள்கள் சுத்திகரிப்பின்போதே மிகக் குறைந்த அளவுக்கு நீக்கப்படுகின்றன, கசிவுகளும் கட்டுப்படுத்தப்படுகின்றன. இதனால் எச்சக் குளோரின் இன்றியே நீர் விநியோகிக்கப்படுகிறது. கசிவும் இடைவெளி விநியோகமும் நிலவும் இந்திய நகரங்களுக்கு இம்முறை உடனடியாகப் பொருந்தாது. இங்கு எச்சக் குளோரின் இன்றியமையாத பாதுகாப்பாகும். அதனுடன் பழைய குழாய்களை மாற்றுதல், கசிவுகளை அடைத்தல், குழாய்களை அவ்வப்போது வேகமான நீரோட்டத்தால் கழுவுதல் ஆகியவையும் தேவைப்படுகின்றன.

வீடுகளில் கவனிக்க வேண்டியவை

* வீட்டு மேல்நிலைத் தொட்டியின் சுவரிலும் உயிரிப்படலம் உருவாகும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதால் மட்டும் அது நீங்காது. முதலில் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

* இடைவெளிக்குப் பின் வரும் முதல் நீரைக் குடிப்பதற்குச் சேமிக்காமல், துணி துவைத்தல் போன்ற பிற தேவைகளுக்குப் பயன்படுத்தலாம்.

* நீர் கலங்கலாக இருந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ அதனைப் பருகுவதைத் தவிர்த்து, உள்ளாட்சி அமைப்புக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும்.

* நீர் தெளிவாக இருந்தாலும் ஐயம் இருப்பின், நன்கு கொதித்த பிறகு மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பருகலாம்.

* சுத்திகரிப்புக் கருவிகளில் உள்ள கார்பன் வடிகட்டி குளோரினை நீக்கிவிடுகிறது. எனவே அவற்றின் சேமிப்புக் கலனிலும் படலம் உருவாகலாம். வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றி, கலனைத் தூய்மைப்படுத்துவது அவசியம்.